தண்ணீர் வரும் தூரம்

சென்னைக்குக் குடிநீர் வந்த கதையைத் தூரத்தை வைத்தே சொல்லிவிடலாம். 1772இல் கோட்டைக்குத் தண்ணீர் தந்த ஏழுகிணறு, நடந்தே போய்விடும் தொலைவு. நூறு ஆண்டு கழித்து, 1872இல், புழல் ஏரித் தண்ணீர் திறந்த கால்வாயில் கீழ்ப்பாக்கம் வந்தது. மூடிய கால்வாயும் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டியும் 1914இல். 1944இல் பூண்டி நீர்த்தேக்கம், 1996இல் கிருஷ்ணா நதி நீர். 2004இல் வீராணத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் குழாய். 2010இல் மீஞ்சூரில் கடலையே குடிநீராக்கினோம்.

என் பிள்ளைப்பருவம் பூண்டிக்கும் கிருஷ்ணாவுக்கும் நடுவில். திருவல்லிக்கேணியில் ஒண்டுக்குடித்தனம். குழாயில் வேகம் இருக்காது. அதனால் தரையைத் தோண்டி, இடுப்பளவுக் குழிக்குள் குழாயை இறக்கியிருந்தார்கள். அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்குவாள். நிரம்பிய குடத்தை நான் குனிந்து வாங்குவேன். வீட்டுக்கு நாலு குடம். பிள்ளை பெற்ற வீட்டுக்குக் கூட இரண்டு. அதற்கு யாரும் முணுமுணுத்ததில்லை. மற்றதுக்கெல்லாம் முற்றத்துக் கிணறு, ராட்டினம், தாம்புக்கயிறு. அந்த நாளை நான் கொண்டாடவில்லை. அம்மாவுக்கு இடுப்புவலி அந்தக் குழியில்தான் வந்தது, கடைசிவரை போகவில்லை.

இப்போது அதே இடத்தில் அடுக்குமாடி. குழாய்த் தண்ணீர் வாசலோடு நின்றுவிடுகிறது. அதற்கப்புறம் சம்ப், மோட்டார், மொட்டைமாடித் தொட்டி, சமையலறையில் ஆர்.ஓ. எல்லாம் அவரவர் பாடு. வீட்டுக்கு வீடு ஒரு சின்னக் கீழ்ப்பாக்கம் கட்டிக்கொண்டிருக்கிறோம். குடிக்கக் கொஞ்சம் கொடுத்துவிட்டு அந்த ஆர்.ஓ. சாக்கடைக்கு அனுப்பும் தண்ணீரைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. எங்கிருந்தெல்லாம் வந்த தண்ணீர்! காசிருந்தால் லாரியைக் கூப்பிடலாம். இல்லாதவர்கள் இன்னமும் தெருத்தொட்டி முன் குடத்தை வரிசையில் வைக்கிறார்கள். நாலு குடக் கணக்கு இன்று அவர்களுக்கு மட்டும்தான்.

அந்த முற்றத்துக் கிணற்றை, கார் நிறுத்த இடம் வேண்டுமென்று, கல்லும் மண்ணும் கொட்டி மூடிவிட்டார்கள். 2019இல் ஏரிகள் வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோது, குடியிருப்போர் கூட்டத்தில் அதைத் தூர்வாரச் சொன்னேன். மாடியில் விழும் மழையை அதில் இறக்கலாமே என்றேன்.

"அப்போ என் காரை எங்கே சார் நிறுத்துறது?" என்றார் ஒருவர்.

அன்றிலிருந்து ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டுவருகிறேன். ஐப்பசி மழைக்கு முன்னால் செய்தாக வேண்டுமென்று இந்த முறை எழுதியே கொடுத்திருக்கிறேன். இரண்டாம் மாடியில் இரண்டு வீட்டுக்காரர்கள் கூடவே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.