புல்லட் பெருமான் மெய்க்கீர்த்தி

அந்நாளைய மன்னர்கள் பவனி வரும்போது ‘பராக், பராக்’ என்று கூவுவதற்கே கட்டியக்காரர்களுக்குச் சோறு போட வேண்டியிருந்தது. இரவு பதினொன்றரைக்கு எங்கள் சந்து வழியே எழுந்தருளும் புல்லட் பெருமானுக்கு அந்த வீண்செலவு கிடையாது. மூன்று தெரு தள்ளி வரும்போதே அவரது சைலன்சர் கட்டியம் கூறிவிடுகிறது. தொட்டில் குழந்தைகள் துயில் கலைந்து வாழ்த்துப்பா பாடுகின்றன. மாரடைப்பிலிருந்து மீண்ட பெரியவர்கள், இதயம் இன்னும் துடிக்கிறதா என்று நெஞ்சில் கைவைத்துப் பார்த்துக்கொள்ளும் பேறு பெறுகிறார்கள், அதுவும் டாக்டர் ஃபீஸ் இல்லாமல்.

புல்லட் குலத்துக்குச் சென்னையில் கம்பெனி அமைந்தது 1955இல். அன்றிலிருந்து பொறியாளர்கள் என்ற கருமிகள் குழாய்க்குள் தகடும் தடுப்பும் வைத்து அதன் திருவாயை அடைத்தே வந்திருக்கிறார்கள். 175 சிசிக்கு மேற்பட்ட பைக் 80 டெசிபலைத் தாண்டலாகாதாம். மோட்டார் வாகன விதியின் அற்பத்தனம் அது. கருணைக்கடலான நம் பெருமான் பொறுப்பாரா? மெக்கானிக் ஷெட்டில் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் அந்தச் சிறையை உடைத்துவிட்டார். டெசிபல் பத்து ஏறினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. இருபது ஏறினால் நூறு மடங்கு. ஆக, 100 டெசிபலைத் தொட்ட ஒரு குழாய், சட்டத்துக்கு அடங்கிய நூறு வண்டிகளின் திருத்தொண்டை ஒற்றை ஆளாய் நின்று செய்கிறது.

‘இதனால் வேகம் கூடியதா?’ என்று கேட்கும் சிறுமதியாளர்கள் உண்டு. கார்புரேட்டரைத் திருத்தாமல் குழாயை மட்டும் மாற்றினால் இழுவை பெரும்பாலும் குறையும், மைலேஜும் படுக்கும். தெரிந்துதான் செய்கிறார் வள்ளல்! தன் எஞ்சினின் வலிமையையே தானமாக ஈந்து, ஊருக்கு ஓசை வாங்கித் தருகிறார். கவச குண்டலத்தை அறுத்துக் கொடுத்த கர்ணன்கூட அதை இத்தனை சத்தமாகச் செய்யவில்லை.

அவர் வெடி விடும் கலையோ தனிக் காவியம். ஓடும் வண்டியில் சுவிட்சை அணைப்பார், எரியாத பெட்ரோல் கொதிக்கும் குழாய்க்குள் இறங்கும், மீண்டும் போடுவார். டமார்! தமிழக அரசு தீபாவளியன்று காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்று பட்டாசை அளந்து கொடுக்கிறது. பெருமானின் ராஜ்யத்தில் நாள்தோறும் தீபாவளி, அதுவும் பெண்கள் ஸ்கூட்டரில் பக்கத்தில் போகும்போது விசேஷ பூஜை.

சத்தம் உயிர் காக்கும் என்பது அவர் உபதேசம். மறுக்க நான் யார்? குழாயின் வாய் பின்பக்கம் பார்த்திருப்பதால், எதிரே ஏசி காரில் கண்ணாடி ஏற்றி வருபவரை விட்டுவிட்டு, ஏற்கெனவே தாண்டி வந்தாகிவிட்ட நடைபாதைக் கிழவியை அது மிகுந்த அக்கறையோடு எச்சரிக்கிறது. மருத்துவமனையைச் சுற்றி நூறு மீட்டர் அமைதி மண்டலம், இரவில் 40 டெசிபல்தான் என்று பலகை வைத்திருக்கிறார்கள். அங்கேதான் பெருமான் ஆக்சிலரேட்டரை இன்னும் கொஞ்சம் முறுக்குகிறார். உள்ளே படுத்திருப்பவர்களுக்கும் பொழுது போக வேண்டாமா?

இப்பேர்ப்பட்டவருக்கு மூன்று மாதம் வரை சிறை, பத்தாயிரம் வரை அபராதம் என்று சட்டம் எழுதி வைத்திருக்கிறது. விசாகப்பட்டினத்தில் போலீசார் கைப்பற்றிய சைலன்சர்களைச் சாலையில் வரிசையாகக் கிடத்தி ரோடு ரோலரை ஏற்றினார்கள். என்ன கல்நெஞ்சம்! அத்தனை வீரர்கள் மாண்ட களத்தில் ஒரு நடுகல்கூட இல்லை.

மெய்க்கீர்த்தி பாடிய புலவனுக்குப் பரிசில் தருவது மரபு. பொன்னோ யானையோ எனக்கு வேண்டாம், பெருமானே. தாங்கள் கழற்றி எறிந்த கம்பெனி சைலன்சர் அந்த ஷெட்டின் மூலையில் துருப்பிடித்துக் கிடக்கிறது. எடைக்குப் போடுமுன் அதை அடியேனுக்கு அருள வேண்டும். மாட்டும் கூலியையும் நானே கொடுத்துவிடுகிறேன்.