இரண்டு இட்லி வயிறு

கேள்வி: வயது 24, உயரம் 170 செ.மீ., எடை 50 கிலோ. இரண்டு இட்லியிலேயே வயிறு நிரம்பிவிடுகிறது. எடை கூட என்ன வழி?
(வாசகர், திண்டுக்கல்)

பதில்: உங்கள் உயரத்துக்குக் குறைந்தது 54 கிலோ வேண்டும். பாக்கி 4 கிலோதான், கலங்காதீர்கள். வயிறு சின்னதென்றால் சாப்பாட்டைக் கனமாக்குங்கள். இட்லி இரண்டே இருக்கட்டும். மிளகாய்ப்பொடியின் நடுவில் குழி பறித்து, நல்லெண்ணெயைத் தாராளமாக விடுங்கள். ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி, எண்ணெயில் 9. பதினோரு மணிக்கு ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை, ஒரு வாழைப்பழம். சாப்பாட்டுக்கு முன் டீயும் சொம்புத் தண்ணீரும் வேண்டவே வேண்டாம். வருகிற பசியை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். எடை கூட்டும் பவுடர் டப்பாவுக்குக் கொடுக்கிற காசில் வீட்டுக்கே முட்டை வாங்கலாம். தண்டால், பஸ்கி எடுங்கள், ஏறுவது சதையாக ஏறும்.

பிறவி ஒல்லி வேறு, திடீரென்று இளைப்பது வேறு. சாயங்காலக் காய்ச்சல், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், தீராத தாகம், படபடப்பு இருந்தால் சமையலறையை விட்டு டாக்டரிடம் ஓடுங்கள். காசநோய், சர்க்கரை, தைராய்டு மூன்றுமே ஆளை உருக்கக்கூடியவை. காசநோய்ப் பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனையில் இலவசம்.