இறுதி அத்தியாயம், தொடரும்

ஹாலிவுட்காரர்களுக்கு வாக்கு சுத்தம் இல்லை என்று சொல்பவர்கள் நாக்கு அழுகிவிடும். 1984-இல் ‘ஃப்ரைடே தி தர்ட்டீன்த்: இறுதி அத்தியாயம்’ என்றார்கள்; மறு ஆண்டே ‘புதிய தொடக்கம்’ வந்தது. முடிவுக்குப் பிறகு தொடக்கம்தானே முறை?

‘சா’ படங்களின் ஜிக்சா மூன்றாம் பாகத்தில் கழுத்தறுபட்டுச் செத்தார். 2023-இல் பத்தாம் பாகத்துக்கு அவர்தான் நாயகன். இப்படியொரு கடமையுணர்ச்சி உயிரோடிருப்பவர்களிடம் உண்டா?

வுல்வரினை 2017-இல் கண்ணீரோடு புதைத்தோம். 2024-இல் டெட்பூல் அந்தக் குழியைத் தோண்டி, எலும்புகளை உருவி, அவற்றாலேயே அடியாட்களைச் சாய்த்தார். ஒன்றையும் வீணாக்காத குடும்பம்! (நாம்தான் அஸ்தியைக் கரைத்துத் தொலைக்கிறோம்.) அயர்ன் மேனுக்காக 2019-இல் அழுதவர்களும் கவலைப்பட வேண்டாம், அவராக நடித்த ராபர்ட் டௌனி ஜூனியர் இப்போது வில்லன் டாக்டர் டூம். அழவைத்த முகமே அடிக்கவும் வருகிறது. ஆள் தேடும் அலைச்சல் மிச்சம்.

இந்தச் சிரஞ்சீவிகள் உலகில் திரும்பிவராமல் போனவர் ஒருவர் உண்டு: பேட்கேர்ள். படப்பிடிப்பு முடிந்த அந்தப் படத்தை 2022-இல் வார்னர் பிரதர்ஸ் கணக்குப் பார்த்து, வெளியிடாமலே மூட்டை கட்டியது. எந்தப் பேய்க்கும், எந்த வில்லனுக்கும் வாய்க்காத அந்தச் சாதனை கணக்குப்பிள்ளைக்கு வாய்த்தது. முகமூடிகூடப் போடாமல்.