குயில் ஏன் மங்கலாக விழுகிறது?

கேள்வி: குயில் கூவியதைப் பதிவுசெய்து, 'ஆர்' நிரல்மொழியில் ஸ்பெக்ட்ரோகிராம் வரைந்தேன். ஒரே மசமசப்பு. தப்பு குயில் மேலா, என் மேலா?

பதில்: குயிலை விட்டுவிடுங்கள், பாவம். 'சீவேவ்' தொகுப்பின் 'ஸ்பெக்ட்ரோ', நீங்கள் வாய் திறக்காவிட்டால் ஒலியை 512 புள்ளிகள் கொண்ட துண்டுகளாக நறுக்கிவிடும். நொடிக்கு 44,100 மாதிரிகள் என்றால் ஒரு துண்டு சுமார் 12 மில்லிநொடி. அதிர்வெண்ணோ 86 ஹெர்ட்ஸ் படிகளில்தான் தெரியும். 2048 கொடுத்தால் படி 22 ஹெர்ட்ஸாகும். ஆனால் நேரம் 46 மில்லிநொடிக்கு மங்கும். இரண்டையும் ஒருசேரக் கேட்டால் ஃபூரியே தரமாட்டார், கறாரான ஆள். அப்புறம், உங்கள் படம் 22 கிலோஹெர்ட்ஸ் வரை நீள்கிறது. குயிலோ தரைத்தளத்துக் குடித்தனக்காரர். 'எஃப்லிம்' போட்டு 0 முதல் 4 வரை மட்டும் காட்டச் சொல்லுங்கள். மேல்மாடியில் சில்வண்டுதான் இருக்கும், அது வாடகையும் தராது.