உள்ளூர் மாடு, வெளியூர் மாடு

2011இல் முன்னேஸ்வரம் காளி கோயிலில் பலிக்கு நின்ற ஆடுகளையும் கோழிகளையும் அமைச்சர் மேர்வின் சில்வா நேரில் போய் ஏற்றிக்கொண்டு வந்தார். கொட்டாஞ்சேனைக் கடைகளில் கொக்கியில் தொங்கும் ஆடுகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கோயில் வாசலில் வெட்டினால் பாவம், கடைக்குப் பின்னால் வெட்டினால் வியாபாரம்.

2020 செப்டம்பரில் அமைச்சரவை இன்னும் ஒருபடி மேலே போனது: நாட்டுக்குள் மாடறுக்கத் தடை, தின்பவர்களுக்குச் சலுகை விலையில் இறக்குமதி இறைச்சி! வெளிநாட்டு மாட்டுக்கு இங்கே வாக்கா இருக்கிறது?

மிருகவதைக்கு 1907ஆம் ஆண்டுச் சட்டம் வைத்த உச்ச அபராதம் 100 ரூபாய். வெள்ளவத்தையில் அந்தத் தாளை நீட்டி மாலுபணிஸ் கேட்டால், கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். உள்ளே கிடக்கும் மீனுக்காக வழக்காட ஒருவரும் வரக் காணோம்.