ஊர்வன, பறப்பன, குசினிக்குள் புகுவன: கல்முனைக் கரையோர அச்சம் குறித்த முதனிலை ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

மருதமுனை தொடங்கி அக்கரைப்பற்று ஈறாகவுள்ள கரையோர ஊர்களில் மனிதர் ஏன் பாம்புக்கும் பல்லிக்கும் கரப்பொத்தானுக்கும் பயப்படுகின்றனர் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஆராய்ந்து, முன்னர் ஆராய்ந்தவர்கள் சொன்னதையே வேறு பந்தி பிரித்துச் சொல்கிறது. கட்டமைப்பு, வெளி, சொல்லாடல், விளிம்பு ஆகிய சொற்கள் அச்சுச் செலவு கருதி விடப்பட்டுள்ளன. வாசகர் வரிக்கு ஒன்று வீதம் தாமே போட்டு வாசித்துக்கொள்க. திறவுச் சொற்கள்: பாம்பு, தும்புத்தடி, மாமி, மாப்பிள்ளை.

1. முன்னோர் மொழிந்தவை

ஆய்வென்றால் வெள்ளைக்காரரில் தொடங்குவது மரபு. சார்ள்ஸ் டார்வின் லண்டன் மிருகக்காட்சிச்சாலையில், விரியன் ஒன்றை அடைத்திருந்த தடித்த கண்ணாடிக்கு முன்னால் முகத்தைக் கொண்டுபோய் வைத்து, அது கொத்தினாலும் அசைவதில்லை என்று உறுதி பூண்டு நின்றார். விரியன் கொத்தியது. அவர் ஓரிரு யார் பின்னால் பாய்ந்தார். மனிதரும் விலங்கும் உணர்ச்சியை வெளிக்காட்டும் விதம் பற்றி 1872இல் வெளியிட்ட நூலில் இதை அவரே எழுதியிருக்கிறார். கல்முனைக்குடியில் கண்ணாடி இல்லாமலே அதே தூரம் பாய்பவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். நூல் எழுதாத குற்றத்தால் அவர்களை மேற்கோள் காட்ட முடியவில்லை.

2006இல் லின் இஸ்பெல் என்ற அமெரிக்க அறிஞர், குரங்கினத்துக்கு இவ்வளவு கூரிய பார்வை வாய்த்ததே புல்லுக்குள் கிடக்கும் பாம்பைச் சட்டென்று காணவேண்டி வந்ததால்தான் என்று வாதிட்டார். அப்படியானால் இக்கட்டுரையை வாசிக்க முடிகிற ஒவ்வொருவரும் பாம்புக்குக் கடன்பட்டவர். 2017இல் ஸ்டெஃபனி ஹோல் குழுவினர் ஆறு மாதக் குழந்தைகளுக்குப் பாம்பு, சிலந்திப் படங்களைக் காட்டி, மீனையும் பூவையும் பார்க்கும்போது விரிவதைவிடக் கண்மணி கூடுதலாக விரிவதை அளந்து வெளியிட்டனர். இந்த ஆய்வை வாசித்துக் காட்டியபோது கிடைத்த விமர்சனம் வருமாறு: "பச்சப் புள்ளக்கிப் பாம்பு காட்டுற நேரம் உம்மாக்காரி எங்ககா போயிருந்த?" (மாமி, நேர்ப்பேச்சு, குசினி).

இவர்கள் எல்லாரிலும் மேலாகச் சூசன் மினேகாவை இவ்வாய்வாளர் மதிக்கிறார். 1980களில் அவர் செய்த சோதனைகளில், ஆய்வுகூடத்தில் வளர்ந்த குரங்குகள் பாம்பைக் கண்டு பயப்படவில்லை. காட்டில் பிறந்த குரங்கு பாம்பைக் கண்டு பதறுவதைப் பார்த்த பின்பு அவையும் பதறின. ஒரு தடவை பழகிய பதற்றம் மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதும் போகவில்லை. அதே பதற்றத்தைப் பூவைப் பார்த்து வருவதுபோல் வீடியோவில் வெட்டி ஒட்டிக் காட்டியபோது குரங்குகள் ஏமாறவில்லை. பயத்தின் விதை உள்ளே கிடக்கிறது, அலறித் தண்ணீர் ஊற்ற ஒருவர் வேண்டும் என்பது இதன் சாரம். இதைக் கண்டுபிடிக்க விஸ்கொன்சினில் குரங்குக் கூட்டமும் கமராவும் தேவைப்பட்டன. சாய்ந்தமருதில் ஒரு ராத்தா போதும்: அவர் குளியலறையிலிருந்து "என்ட ரப்பே!" என்று போடும் சத்தத்தில், பாம்பையே கண்டிராத மூன்று தம்பிமாரும் வாழ்நாள் முழுக்கப் பயந்தவர்களாகிவிடுகிறார்கள்.

ஆண்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. தடி பாம்பாக நெளிந்தபோது மூஸா நபி (அலை) அவர்களே திரும்பிப் பாராமல் விலகினார்கள் என்றும், பயப்பட வேண்டாமென்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது என்றும் குர்ஆனில் வருகிறது. ஆகவே கதிரையில் ஏறி நிற்கும் மச்சான்மார் வெட்கப்பட்டு இறங்கத் தேவையில்லை.

2. வகைப்பாடு

பல்லி: முதல் அடியிலேயே கொன்றால் கூடுதல் நன்மை என்ற ஹதீஸ் எங்கள் சிறுவர்களுக்கு வேறெந்த ஹதீஸையும்விட நன்றாகப் பாடம். பக்கத்திலேயே பாண்டிருப்பில் அதே பல்லி கத்தினால் பலன் பார்க்கிறார்கள். அங்கே சோதிடராக இருந்தவர் எல்லை தாண்டி மருதமுனைக்குள் வந்ததும் தேடப்படும் குற்றவாளியாகிறார். இந்த இரட்டைப் பிரஜாவுரிமை பற்றி எந்தப் பேராசிரியரும் இதுவரை மூச்சுவிடவில்லை.

சிலந்தி: நபி (ஸல்) அவர்கள் ஒளிந்திருந்த தவ்ர் குகை வாசலில் வலை பின்னிய நன்றிக்காக விடப்படுகிறது, பெருநாளைக்கு வீடு வெள்ளையடிக்கும் கிழமையில் நன்றி தற்காலிகமாக நிறுத்திவைக்கப்படும்.

மட்டத்தேள்: உண்டு.

சரவட்டை: எவருக்கும் தீங்கு செய்வதில்லை. ஆகவே ஆராய நிதி இல்லை.

வீட்டுக்குள் வரும் பாம்பு: அது ஜின்னாகவும் இருக்கலாம், மூன்று நாள் எச்சரிக்கை கொடுத்துப் பாருங்கள் என்ற கருத்தில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. அது மதீனாவின் வீடுகளுக்கு மட்டுமா, எல்லா வீடுகளுக்குமா என்பதில் உலமாக்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. கல்முனையில் கருத்து வேறுபாடு தீர்வதற்குள் பாம்பு தீர்ந்துவிடும்.

கிறீஸ் மனிதன்: உடம்பில் கிறீஸ் பூசிக்கொண்டு இரவில் வருவதாகச் சொல்லப்பட்டவன். 2011 ஓகஸ்டில் ஊர் ஊராகப் பரவி, பொத்துவில் வரைக்கும் கலவரமாக்கிய அச்சம். அது ஊர்வனவா, பறப்பனவா என்பது தெரியாததால் இவ்வகைப்பாட்டில் அடங்காது. இரவில் தடியோடு தெருவில் நின்றவர்கள் சிரிப்பதற்கு இன்னும் காலம் ஆகவில்லை.

3. சிறப்பாய்வு: மாப்பிள்ளையும் கரப்பொத்தானும்

இவ்வூர்களில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியோடு பெண்வீட்டில் வந்து குடியேறுகிறார். அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆய்வு செய்து, தாய்வழிக் குடிமுறை பற்றியும் சீதன வீடு பற்றியும் 2008இல் தடித்த நூலொன்று தந்த டெனிஸ் மக்கில்வ்ரே, அந்த வீட்டுக் குசினியில் கரப்பொத்தானை அடிக்கவேண்டியவர் யார் என்ற வினாவை எழுப்பியதாக என் கண்ணில் படவில்லை. அந்தப் பெரும் இடைவெளியை இப்பகுதி நிரப்புகிறது.

களம்: இஷாவுக்குப் பின், மின்குமிழைச் சுற்றி ஈசல். காலம்: கலியாணம் முடிந்து முதலாம் மாதம். குசினியிலிருந்து ஓர் அலறல். மாமி மருமகனோடு நேரே பேசுவதில்லை, எனவே கட்டளை மகள் வழியாகப் போகிறது: "புள்ள, அவரக் கொஞ்சம் எழும்பி வரச் சொல்லு." அவர் வருகிறார். வலக்கையில் பாட்டாச் செருப்பு, இடக்கையில் சாரத்தின் மடிப்பு. வாசலில் மாமி, மச்சினிமார், மதிலுக்கு மேலால் பக்கத்து வீடு. ஊர்ந்துகொண்டிருக்கும்வரை கரப்பொத்தான் ஒரு பூச்சி. சிறகை விரித்துவிட்டால் அது ஒரு பரீட்சை. அது பறந்தது, நேரே பார்வையாளர் பக்கம். மாப்பிள்ளை அடித்த அடி தேங்காய்ப்பூப் பீங்கானில் விழுந்தது. (மாமி, நேர்ப்பேச்சு, குசினி, மஃரிபுக்குப் பின். மச்சி முன்னிலையில் சொன்ன பாடத்தில் மாப்பிள்ளை மேசையில் ஏறினார் என்றும், சம்பந்தி முன்னிலையில் சொன்ன பாடத்தில் மேசைதான் அவர் பக்கம் நகர்ந்தது என்றும் பாடபேதம் உண்டு.)

பென்சில்வேனியாவில் போல் ரோஸின் குழுவினர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கிருமி நீக்கிய செத்த கரப்பொத்தானைப் பழரசத்தில் முக்கி எடுத்துவிட்டு, அதைக் குடிக்க எவ்வளவு விருப்பம் என்று கேட்டார்கள். கிருமி இல்லை என்று சொல்லியும் ஆட்களுக்கு விருப்பம் வரவில்லை. இது பயமல்ல, அருவருப்பு. அருவருப்பு ஆதாரம் கேட்காது என்பது முடிவு. உம்மம்மா இதை ஏற்கவில்லை: கரப்பொத்தான் விழுந்த மாவை அவருடைய காலத்தில் அரித்து எடுத்து ரொட்டி சுட்டார்களாம், எல்லாரும் சாப்பிட்டார்களாம், ஏனென்றால் சொல்லவில்லையாம். (உம்மம்மா, வாய்மொழி, பாயில் இருந்தபடி, வாய் நிறைய வெற்றிலை. படிக்கத்துக்குக் கிட்டவுள்ள வரிகள் சிதைந்துள்ளன. பதிப்பும் குறிப்புரையும் பேத்தி, குறிப்புரையை உம்மம்மா முழுதாக மறுத்துள்ளார், மறுப்புரை அச்சில்.)

மாப்பிள்ளை கத்தாருக்குப் போய்விட்ட வீடுகள் தனி உபபிரிவுக்குரியன. அங்கே அடிப்பவர் மனைவி, நெறிப்படுத்துபவர் தொலைபேசியில் கணவர்: "கமராவ இடப்பக்கம் திருப்பு. அலுமாரிக்குக் கீழ வெளிச்சம் அடி. மெல்ல. மெல்லன்னு சொன்னன்லா." இவ்வாறான ஒரு நெறிப்படுத்தலில் கரப்பொத்தான் கமராவை நோக்கிப் பறந்தது. தோஹாவில் அறையில் இருந்தவர் போனைக் கட்டிலில் எறிந்துவிட்டு எழும்பினார். டார்வினுக்கு முன்னால் இருந்தது ஒரு கண்ணாடி. இவருக்கு முன்னால் கண்ணாடியும் அரபிக்கடலும் இருந்தன. பரிணாமக் கொள்கைக்கு இதைவிட வலுவான சான்று கிழக்கு மாகாணத்தில் கிடைக்கவில்லை. (அறைத்தோழர் ஒருவர் சொல்லி, அவருடைய தம்பி கேட்டு, நிந்தவூர் சலூன் ஒன்றில் மூன்று பேர் முன்னிலையில் திருத்தப்பட்டு, முடிவெட்டியவரால் உறுதிப்படுத்தப்பட்டது. முடிவெட்டியவர் நம்பகமானவர், கத்தி அவரிடம் இருந்தது.)

4. பயப்படாமல் விடப்பட்டவை

இங்கே ஆய்வு சற்றுச் சங்கடமான இடத்துக்கு வருகிறது. கரப்பொத்தான் கடித்து இறந்தவர் இல்லை. பாம்புக் கணக்கு வேறு. 2012–13இல் நாடு முழுவதும் வீடு வீடாகப் போய்க் கேட்டு 2016இல் வெளியிட்ட ஆய்வொன்று, இலங்கையில் ஒரு வருடத்தில் ஏறத்தாழ 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது, 30,000 பேருக்கு நஞ்சேறுகிறது, 400க்கு மேற்பட்டோர் இறக்கிறார்கள் என்று மதிப்பிட்டது. உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடி நஞ்சைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பவலய நோய்களில் சேர்த்தது 2017இல்தான்.

ஆளைக் கொல்லும் பாம்பு அலறவைப்பதில்லை. எட்டடி விரியன் இரவில் வருகிறது. வெக்கைக்குத் தரையில் பாய் விரித்துக் கிடப்பவரை, வாடியில் காவலுக்குப் படுத்தவரைக் கடிக்கிறது. பலருக்கு நோவே தெரிவதில்லை, கடித்த தடமும் சரியாகத் தெரியாது. விடியற்புறம் வயிறு வலிக்கும். இராத்திரிக் கொத்துரொட்டி ஒத்துக்கொள்ளவில்லை என்று இஞ்சித்தண்ணி குடிப்பார். இமை தொங்கத் தொடங்கும்போதுதான் வீடு விழிக்கும். கண்ணாடி விரியனோ வெள்ளாமை வெட்டுக் காலத்தில், வரம்பிலும் வைக்கோலிலும், வெறுங்காலில் நடப்பவனுக்காகக் கிடக்கிறது. நஞ்சு முறிமருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறது. கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் கடிபட்டவருக்குக் கேடு. ஓதித் தண்ணி கொடுப்பதானால் முச்சக்கரவண்டிக்குள் வைத்துக் கொடுக்கலாம், வண்டி நிற்கக் கூடாது.

இதற்குத் தடுப்பு என்னவென்று மாமியிடம் கேட்டபோது, "நுளம்பு வலையக் கட்டி, ஓரத்தப் பாய்க்குக் கீழ செருகிட்டுப் படு. வெளிய போற நேரம் டோர்ச் எடு. இதுக்கும் புத்தகம் வேணுமா?" என்றார். வலைக்குள் தூங்குபவரை எட்டடி விரியன் கடிப்பது குறைவு என்று நஞ்சியல் அறிஞர்களும் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் எழுதியது நீளம்.

5. மட்டுப்பாடுகளும் நிதியும்

மாதிரி அளவு: ஒரு மாமி. பாம்புகளுக்கு வினாக்கொத்து வழங்கப்பட்டது. ஒன்றும் திரும்பி வரவில்லை. மதிப்பீட்டாளர் இருவரில் ஒருவர் கட்டுரையை வாசிக்காமல் ஏற்றார். மற்றவர் வாசித்துவிட்டு, தம்முடைய நான்கு கட்டுரைகளை மேற்கோளில் சேர்த்தால் ஏற்பதாகச் சொன்னார். அவை வரிவிதிப்பு பற்றியவை.

அடுத்த கட்ட ஆய்வுக்கான வரவுசெலவுத் திட்டம் சமர்ப்பிக்கப்பட்டது. இருநாள் சர்வதேச ஆய்வரங்கு, பெயர் பொறித்த தோள்பை, மதியப் புரியாணி, பொன்னாடை, பிரதம விருந்தினருக்கான நினைவுச்சின்னம் ஆகியன அனுமதிக்கப்பட்டன. வயலில் படுக்கும் பத்துப் பேருக்கு நுளம்பு வலை என்ற வரி, ஆய்வுத் தலைப்போடு நேரடித் தொடர்பற்றது என்று சிவப்பு மையால் வெட்டப்பட்டிருந்தது.