பதினோரு ராத்திரி ஞானி

ஒரு மனிதன் ஞானம் அடைய எத்தனை காலம் பிடிக்கும்? சித்தார்த்தருக்கு ஆறு வருடம் பிடித்தது. மேடவாக்கத்தில் எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடிக்காரருக்குப் பதினோரு ராத்திரி போதுமாக இருந்தது.

அவருடைய எட்டு மாதப் பையன் தொடர்ச்சியாகப் பதினோரு ராத்திரி, மாலை ஏழரைக்குப் படுத்தவன் காலை ஆறு மணி வரை முனகாமல் தூங்கியிருக்கிறான். பன்னிரண்டாம் நாள் காலையில் லிஃப்டில் இவரைப் பார்த்தேன். சவரம் செய்த முகம். சட்டைப் பொத்தான்கள் எல்லாம் அதனதன் துளையில். கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்த இடத்தில் ஒரு தேஜஸ். கைக்குழந்தைக்காரர்கள் வாழும் உலகத்தில் அப்படி ஒரு முகத்தைப் பார்த்தால் கும்பிடத் தோன்றும்.

இந்த வகையினரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சிகரெட்டை விட்டு ஒரு மாதம் ஆனவர், எட்டுக் கிலோ இளைத்தவர், செக்கு எண்ணெய்க்கு மாறியவர் ஆகியோருக்கு இவர் ஒன்றுவிட்ட சகோதரர். தான் கரையேறிய இடத்திலேயே ஊரையும் கரையேற்றத் துடிப்பவர். இவருடைய முதல் கேள்வி மிகச் சாதாரணமாக இருக்கும்.

“பாப்பா நைட்டு தூங்குறாளா ப்ரோ?”

அனுபவசாலிகள் இதற்கு “ஓ, நல்லா” என்று சொல்லிவிட்டுப் படிக்கட்டில் இறங்கிப் போய்விடுவார்கள். எனக்கு அனுபவம் போதவில்லை. உண்மையைச் சொன்னேன். என் மகளுக்கு ஒன்பது மாதம். ராத்திரி பதினொன்று நாற்பது வரை ஹாலில் என் தோளில் கிரிவலம் வருவாள். தூங்கிவிட்டாள் என்று பூவைப்போல இறக்கிக் கிடத்துவேன். சரியாக ஐம்பதாவது நிமிடம் எழுந்து உட்கார்ந்து, வீட்டில் திருடன் புகுந்ததுபோல் கத்துவாள்.

அவர் லிஃப்ட் கதவு மூடாதபடி காலை நீட்டி வைத்துக்கொண்டார். உபதேசம் தொடங்கியது.

“ஐம்பது நிமிஷம்னு சொன்னீங்க பாத்தீங்களா, அதான் விஷயம். பெரியவங்களுக்கு ஒரு தூக்கச் சுத்து தொண்ணூறு நிமிஷம். கைக்குழந்தைக்கு ஐம்பது, அறுபதுதான். ஒவ்வொரு சுத்து முடிஞ்சதும் லேசா முழிப்பு வரும். நமக்கும் வருது, புரண்டு படுத்துடுறோம், காலையில ஞாபகம் இருக்கிறதில்ல. இப்போ நீங்க எழும்பூர்ல நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறி லோயர் பெர்த்ல படுக்கிறீங்க. ராத்திரி ரெண்டு மணிக்குக் கண்ணு முழிச்சா விழுப்புரம் பிளாட்பாரத்துல பெஞ்ச்சு மேல கிடக்கிறீங்க. கத்துவீங்களா, மாட்டீங்களா?”

எனக்கு இதுவரை லோயர் பெர்த் கிடைத்ததே இல்லை. இருந்தாலும் கத்துவேன் என்று ஒப்புக்கொண்டேன்.

“பாப்பாவும் அதான் கத்துறா. தூங்கினது அப்பா தோளு, முழிச்சது கட்டிலு. அதனால தூக்கம் கண்ணைச் சொருகுற நேரத்துல, ஆனா தூங்கறதுக்கு முன்னாடியே கட்டில்ல விட்டுடணும். மிச்சத்தை அவளே பாத்துக்கணும். இதுக்குப் பேரு செல்ஃப் சூத்திங்.”

கண் சொருகியும் சொருகாமலும், தூங்கியும் தூங்காமலும் இருக்கும் அந்த நிலை எனக்குப் பழக்கமானதுதான். அலுவலகத்தில் திங்கள்கிழமைக் கூட்டங்களில் நான் அப்படித்தான் இருக்கிறேன். அதை ஒன்பது மாதக் குழந்தையிடம் வரவழைப்பது எப்படி என்று கேட்பதற்குள், நான்கு தளங்களிலும் லிஃப்டுக்குக் காத்திருந்தவர்கள் கதவைத் தட்டத் தொடங்கிவிட்டார்கள்.

ஞானியிடம் எண்கள் எப்போதும் தயாராக இருக்கும். நான்கு மாதம் முதல் ஒரு வயது வரை, பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 12 முதல் 16 மணி நேரம் என்பார். அமெரிக்கத் தூக்க மருத்துவர்கள் 2016-இல் சொன்ன கணக்கு அது. 17 நாடுகளிலும் பகுதிகளிலுமாக 29,287 குழந்தைகளைப் பற்றிக் கேட்டறிந்து 2010-இல் ஓர் ஆய்வு வந்தது என்பார். அதில் முதலில் படுப்பவை நியூசிலாந்துக் குழந்தைகள், சராசரியாக ஏழு இருபத்தெட்டுக்கு. கடைசியாகப் படுப்பவை ஹாங்காங் குழந்தைகள், பத்துப் பதினேழுக்கு. சொல்லிவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பதினொன்று நாற்பது. ஹாங்காங்கையே தோற்கடித்த வீடு எங்களுடையது.

இவருடைய வீட்டை நீங்கள் எளிதில் அடையாளம் காணலாம். வாசல் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும்: ‘குழந்தை தூங்குகிறது. பெல் அடிக்காதீர்கள். கதவைத் தட்டாதீர்கள். போன் செய்யாதீர்கள்.’ இம்மூன்றும் இல்லாமல் ஒரு பார்சலை எப்படிக் கொடுப்பது என்று தெரியாமல் கூரியர் பையன் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பான். உள்ளே குக்கர் மூன்றாவது விசில் அடிக்க அனுமதி இல்லை. சீரியல்களில் சண்டைகள் எல்லாம் சத்தமில்லாமல் நடக்கும். யார் யாரை வீட்டை விட்டுத் துரத்தினார்கள் என்பதை மாமியார் உதட்டசைவை வைத்தே கண்டுபிடித்துக்கொள்வார். காலை பதினொரு மணிக்கு ‘பழைய இரும்பு, ஈயம், பித்தளை’ என்று ஒலிபெருக்கி கட்டிய வண்டி தெருவுக்குள் நுழைந்தால் இவர் செருப்பில்லாமல் ஓடுவார். அந்த வண்டிக்காரர் எங்கள் தெருவைக் கடக்கும்போது இப்போதெல்லாம் கையசைத்துவிட்டு மட்டும் போகிறார். அதற்கு மாதம் எவ்வளவு என்பது தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நேரில் பார்த்துக் கற்றுக்கொள்ள எங்களை அழைத்தார். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. உள்ளறையில் கனத்த கறுப்புத் திரை போட்டுப் பகலை ஒழித்திருந்தார். மூலையில் ஒரு சின்னப் பெட்டி மழைச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. இருட்டையும் சோவென்ற சத்தத்தையும் கண்ட என் மனைவி, “ஐயோ, மாடியில வடகம்!” என்று கத்திக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினாள். பையன் முழித்துக்கொண்டான். ஞானி எதுவும் சொல்லவில்லை. கைப்பேசியை எடுத்து, ‘பகல் தூக்கம் 2: 38 நிமிடம். காரணம்: வடகம்’ என்று பதிந்துகொண்டார்.

கல்யாண வீடுகளில் இவரைப் பார்ப்பது அரிது. பார்த்தாலும் நிலைக்க மாட்டார். பையனுடைய ‘வேக் விண்டோ’ முடிகிறது என்பார். இரண்டு தூக்கங்களுக்கு நடுவே குழந்தை முழித்திருக்கக்கூடிய நேரம் அது. எட்டு மாதத்தில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். அதைத் தாண்டினால் குழந்தை களைத்துப் போய், களைப்பினாலேயே தூங்காமல் ஆட்டம் போடும். தாம்பரத்தில் சொந்தச் சித்தப்பா மகன் வரவேற்புக்குப் போனவர், மணமக்கள் மேடையேறுவதற்கு முன்பே மொய்க்கவரைச் சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். அந்தப் பெண் அந்த வீட்டுக்காரியே இல்லை, மண்டப ஊழியர் என்பது பிறகு தெரிந்தது.

திருநெல்வேலியிலிருந்து அவருடைய அம்மா வந்தபோது இரண்டு மதங்கள் மோதிக்கொண்டன. வந்த அன்றே பழைய நூல் சேலையை எடுத்து, உத்தரத்தில் கொக்கி எங்கே என்று தேடினார். இவர் தடுத்தார். எழுந்து உட்காரவும் பிடித்து நிற்கவும் தொடங்கிய பிள்ளையைத் தூளியில் போட்டுவிட்டு நகர முடியாது என்றார். அம்மா ஜாதிக்காய் உரசக் கல்லைத் தேடினார். அது அளவு மீறினால் விஷம் என்று இவர் கல்லை ஒளித்துவைத்தார். தலை உருண்டையாக வர அத்தை அனுப்பிய கடுகுத் தலையணை, மூச்சு முட்டும் என்பதால் அலமாரிக்குப் போயிற்று. நியாயத்தைச் சொல்ல வேண்டும்: இந்த மூன்றிலும் ஞானி பேசியது சரி. ஒரு வயது வரை மல்லாக்க, கெட்டியான மெத்தையில், தலையணையும் பொம்மையும் இல்லாமல் படுக்க வைக்கும்படிதான் குழந்தை மருத்துவர்களும் சொல்கிறார்கள்.

அம்மா தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. “எய்யா, நான் தொட்டில்ல போட்டு ஆட்டித்தான உன்னைய வளத்தேன்?” என்றார்.

“நான் நல்லாத் தூங்கினேனாம்மா?”

அம்மா சற்று யோசித்தார். “நீ எங்கய்யா உறங்குன? மூணு வயசு வரைக்கும் உறங்கலியே. உன்னையத் தூக்கிச் சொமந்து உங்க அப்பாவுக்குத் தோள்பட்டையே எறங்கிப் போச்சில்லா.”

அந்த நிமிடத்தில் இரு தரப்புச் சாத்திரங்களும் ஒருசேர ஆட்டம் கண்டன. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் செங்கீரைக்கும் சப்பாணிக்கும் நடுவே, ஏறத்தாழ இதே மாதங்களில், தாலப் பருவத்தை வைத்தார்கள். தால் என்றால் நாக்கு. தாலாட்டில் ஆடுவது பாடுகிறவர் நாக்குதான். உழைப்பு யாருடையது என்பதைப் பெயர் வைத்தவர்களே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

நாங்களும் முயன்றோம். ஞானியின் கட்டளைகளில் நியூசிலாந்தைக் கழித்துவிட்டு, வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டோம். வெந்நீர்க் குளியல், எண்ணெய் தொட்டுக் கால் பிடித்துவிடுதல், இரவு உடுப்பு, யானைப் படம் போட்ட அதே புத்தகம், பால், மங்கலான விளக்கு, அதே பாட்டு, கட்டில். தினமும் இதே வரிசை, எட்டரைக்குத் தொடக்கம். 405 தாய்மார்களை வைத்து 2009-இல் செய்த ஓர் ஆய்வில், இப்படி ஒரே வரிசையைக் கடைப்பிடித்த வீடுகளில் குழந்தைகள் சீக்கிரம் தூங்கின, ராத்திரி முழிப்பு குறைந்தது, தாய்மார்களின் மனநிலையும் தேறியது என்று இவர்தான் சொன்னார். அப்பாக்களின் மனநிலையை அதில் யாரும் விசாரிக்கவில்லை போலிருக்கிறது. ஆனால் வரிசை வேலை செய்தது. மூன்றாவது வாரத்தில் மகள் யானைப் புத்தகத்தைப் பார்த்ததுமே கொட்டாவி விட்டாள். நான் அதற்கு முந்தைய பக்கத்திலேயே தூங்கிவிட்டேன் என்று மனைவி சொல்கிறாள். அழவிட்டு, சில நிமிடம் கழித்து எட்டிப் பார்த்துத் தேற்றும் முறையையும் அவர் சொன்னார். ரிச்சர்ட் ஃபெர்பர் என்ற அமெரிக்க மருத்துவர் 1985-இல் எழுதிய புத்தகத்தால் பரவியது அது. மூன்று நிமிடம் என்று கணக்கு வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நான் கதவுக்கு வெளியே நின்றேன். ஒரு நிமிடம் ஆவதற்குள் என் மாமியார் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்த முறை எங்கள் வீட்டில் ஐம்பத்தைந்து விநாடி நடைமுறையில் இருந்தது.

இதற்கிடையே ஒரு நாள் ஞானி லிஃப்டில் காணப்படவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் மாடியிலிருந்து படிக்கட்டு வழியாக, காலை எட்டு மணிக்கே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு இறங்குகிறார் என்று வேலைக்கார அம்மா தகவல் கொண்டுவந்தார். எதிரே வந்தபோது சட்டையின் மேல் பொத்தான் இரண்டாம் துளையில் இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் பாப்பாவைப் பற்றிக் கேட்கவில்லை. கதவுத் தாள் மட்டும் மாறியிருந்தது. ‘பெல் அடிக்கலாம்.’

காரணத்தை அவர் மனைவி என் மனைவியிடம் சொன்னாராம். பையன் கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்து நிற்கக் கற்றுக்கொண்டுவிட்டான். திரும்ப உட்கார இன்னும் தெரியவில்லை. ராத்திரி ஒவ்வொரு சுற்று முடியும்போதும் எழுந்து நின்று, இறங்க வழி தெரியாமல் ஊரைக் கூட்டுகிறான். போதாததற்கு மேல் பல் இரண்டு முளைக்கின்றன. அம்மா கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் எங்கேயோ இருக்கிறாள் என்பது புரிகிற வயது இது. இருக்கிறவளைக் கூப்பிடாமல் இருக்க அவனுக்கு என்ன பைத்தியமா? எட்டு, ஒன்பது மாதத்தில் இது வரும், சில வாரத்தில் போகும். ஞானியின் அட்டவணையில் இதற்கென்று கட்டம் இல்லை.

அந்த வாரமே என் மகளுக்குச் சளி பிடித்தது. மூக்கடைத்த குழந்தை யானையை மதிக்கவில்லை. வியாழக்கிழமை ராத்திரி மூன்று மணிக்கு அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே கார் நிறுத்துமிடத்துக்கு இறங்கினேன். அங்கே ஏற்கெனவே ஒருவர் லுங்கியும் பனியனுமாக, தோளில் ஒரு மூட்டையோடு, கார்களுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தார்.

“சும்மா காத்தாட வந்தேன்” என்றார் ஞானி.

“நானும்தான்” என்றேன்.

பேச்சு அவ்வளவுதான். அவர் ஜெனரேட்டர் பக்கம் போகும்போது நான் கேட் பக்கம் போனேன். நான் ஜெனரேட்டருக்கு வரும்போது அவர் கேட்டுக்குப் போனார். இரண்டு பேருக்கும் ஒரே நடை: இரண்டு எட்டு, ஒரு குலுக்கல், ஒரு ‘ம்ம்’. எத்தனை சுற்று என்று எண்ணவில்லை. கடைசியில் கேட் அருகே பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த வாட்ச்மேன் தாத்தா பொறுக்க முடியாமல் எழுந்து வந்தார்.

“சார், ரெண்டு கொழந்தையும் தூங்கி அரை மணி நேரமாச்சு. போய்ப் படுங்க சார்.”

“இறக்கினா முழிச்சுக்கும்” என்றோம் இருவரும், ஒரே சமயத்தில், ஒரே கிசுகிசுப்பில்.

தாத்தா எங்களைப் பார்த்தார். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை என்பதுபோல் நாற்காலிக்குத் திரும்பினார். துண்டை உதறித் தோளில் போட்டார். தண்ணீர் ஒரு மடக்குக் குடித்தார். விசிலைச் சட்டைப்பைக்குள் வைத்தார். காலை நீட்டினார். யாரும் ஆட்டவில்லை, பாடவில்லை, தட்டிக்கொடுக்கவில்லை. இரண்டு நிமிடத்தில் குறட்டை வந்தது.

ஞானி நடையை நிறுத்தாமலே அவரைத் திரும்பிப் பார்த்தார். இரவெல்லாம் முழித்திருக்கச் சம்பளம் வாங்கும் மனிதர்.

“பாத்தீங்களா ப்ரோ,” என்றார், நாத் தழுதழுக்க. “தினமும் அதே வரிசை. செல்ஃப் சூத்திங்.”